கைமாறும் கரணை

கோயம்புத்தூரில் 1953-இல் கம்புக்கும் நேப்பியர் புல்லுக்கும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். கம்பு நம் புன்செய்க் காட்டுப் பயிர். தட்டையில் இனிப்பு உண்டு, மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் ஒரு போகத்தோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். நேப்பியர் ஆப்பிரிக்காவின் யானைப்புல். வெட்ட வெட்டத் தூர் கட்டும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் தண்டு முரடு, இலையெல்லாம் சுணை. இரண்டுக்கும் பிறந்த பிள்ளைக்குக் கம்பு நேப்பியர் என்றே பெயர் வைத்தார்கள். பிறகு தில்லியில் பூசா ஜயன்ட் நேப்பியர் வந்தது, லூதியானாவில் என்.பி.-21 வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வரிசையாகக் கோ-3, 2008-இல் கோ-4, 2012-இல் கோ-5 என்று வெளியிட்டது. இன்றைக்குக் கறவை மாடு வைத்திருப்பவரிடம் "என்ன புல் போட்டிருக்கீங்க?" என்று கேட்டால் இந்த எண்களில் ஒன்றைத்தான் சொல்வார்.

இந்தப் புல்லுக்கு ஒரு குறை உண்டு, அதுவே அதன் பலமும் ஆனது. கம்புக்குக் குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28. பிள்ளைக்கு 21 வந்து சேர்ந்தது. மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள செடியில் விதை பிடிக்காது. கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. ஆகவே முற்றிய தண்டை இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்கும்படி ஊன்றுவதே வழக்கமான வழி. அந்தத் துண்டுதான் கரணை.

மேம்படுத்தப்பட்ட தீவனப் புல் வகைகளைச் சிறு விவசாயிகளிடம் கொண்டு சேர்ப்பது பற்றிப் பேசும்போது, அறிக்கைகள் எல்லாம் எக்டருக்கு எத்தனை டன் என்பதில் தொடங்குகின்றன. ஒரு மாடும் பத்து சென்ட்டும் உள்ள வீட்டில் புல் நிற்குமா நிற்காதா என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை. கரணை யார் கையிலிருந்து வருகிறது, நட்ட புல்லை யார் வெட்டுகிறார், அதற்கான நிலமும் தண்ணீரும் யாருடையவை என்பவைதான் தீர்மானிக்கின்றன. கோவை, யாழ்ப்பாணம், கென்யா என்று எங்கே போய்ப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்கும்.

முதலில் கரணை. கொங்குப் பக்கத்தில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும் வழியில், அடுத்த தோட்டத்துப் புல்லைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்பார்: "ஏனுங்க்கா, உங்க காட்டுல ஒரு கட்டு கரணை வெட்டிக்கட்டுங்களா?" பதில் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "அதுக்கென்ன கண்ணு, முத்துனதாப் பாத்து வெட்டிக்க." இதற்கு விதைக்கடை வேண்டாம், ரசீது வேண்டாம், மானிய விண்ணப்பம் வேண்டாம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 50 சென்டிமீட்டர் என்று நட்டால் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 135 கரணை போதும். நான்கைந்து மாதத்தில் அந்த ஒரு சென்ட்டே பத்து வீட்டுக்குக் கரணை தரும். விதை நிறுவனங்கள் இந்தப் புல்லின் பக்கம் அதிகம் தலைவைத்துப் படுக்காததற்குக் காரணமும் இதுதான். ஒரு முறை விற்றால் வாங்கியவர் மறுபடி கடைக்கு வர மாட்டார். ஆகவே பரப்பும் வேலை பல்கலைக்கழகத்துக்கும், கால்நடைத் துறைக்கும், பால் சங்கத்துக்கும், அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கும் வந்து சேர்ந்தது.

கடலைத் தாண்டியும் அது அப்படித்தான் போயிற்று. 1990-களின் இறுதியில் இலங்கைக்குப் போன கோ-3, அங்கே கண்டிப் பக்க மலைச்சரிவிலிருந்து வடக்கு, கிழக்கு மாகாணங்கள் வரை பரவி, சிங்களம் பேசும் பண்ணையாளர் நாவிலும் சீ.ஓ.-3 என்றே நிலைத்துவிட்டது. அதற்கு முன் அங்கே மாட்டுக்குப் புல் என்றால் பெரும்பாலும் தெருவோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் தானாக மண்டிக் கிடக்கும் கினியாப் புல்தான். காசில்லாமல் கிடைக்கும் அந்தப் புல்லை விட்டுவிட்டு, நிலம் ஒதுக்கி நட்டு நீர் பாய்ச்சும் ஒன்றுக்கு ஆள் மாறுகிறார் என்றால், வீட்டில் நிற்பது அதிகப் பால் தரும் கலப்பின மாடு என்றும், தெருவோரம் அலைந்து வெட்டிவர ஆள் இல்லை என்றும் பொருள். புல் மாறுவதற்கு முன் மாடு மாறியிருக்க வேண்டும். நாட்டு மாடு ஒன்று தினம் ஒரு லிட்டர் கறக்கும் வீட்டில் போய்க் கோ-4 நடச் சொன்னால், அந்த விவசாயி சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் கணக்கு சரி.

அண்மையில் இந்தக் கைமாற்று உலகத்துக்குள் வேறொரு வியாபாரம் புகுந்திருக்கிறது. தாய்லாந்தில் உருவான பாக் சாங்-1 என்ற நேப்பியர் வகை இங்கே சூப்பர் நேப்பியர் ஆயிற்று. யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நிற்கும் புல்லின் அருகில் நின்று ஒருவர் பேசுவார். கீழே கைபேசி எண் ஓடும். பார்சலில் கரணை வரும். புல் மோசமான புல் இல்லை. ஆனால் பதினைந்து அடி உயரப் புல் என்பது படத்துக்கு அழகு, மாட்டுக்கு விறகு. உயரம் கூடக் கூடத் தண்டில் நார் ஏறும், புரதம் இறங்கும். பார்சலில் வரும் கரணையோடு மாவுப்பூச்சி வருகிறதா, நோய் வருகிறதா என்று பார்ப்பார் யாரும் இல்லை.

இனி நிலக் கணக்கு. கோ-4 புல்லுக்கு ஆண்டுக்கு ஏழு அறுப்பில் எக்டருக்கு 380 முதல் 400 டன் என்று சொல்லப்படுகிறது. இதைச் சென்ட் கணக்குக்கு இறக்கினால் ஒரு சென்ட்டில் ஆண்டுக்கு 1,600 கிலோ, அதாவது நாளுக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால் ஆறு சென்ட் போதும் போலத் தோன்றும். ஆனால் அது ஆராய்ச்சிப் பண்ணை விளைச்சல். தொழு உரம் குறையாமல், தண்ணீர் தவறாமல், 45 நாளுக்கு ஒரு முறை நாள் தப்பாமல் அறுத்த விளைச்சல். வீட்டுத் தோட்டத்தில் பாதி வந்தால் நல்லது. அப்படியானால் மாட்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு சென்ட் வேண்டும். இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிட்டால் நம்பிக்கை நிலைக்கும். ஆறு சென்ட் என்று சொல்லி நட வைத்தால், இரண்டாம் ஆண்டில் புல் பற்றாமல் போகும்போது விவசாயி புல்லைத் திட்டுவார், பிறகு சொன்னவரைத் திட்டுவார்.

அந்தப் பன்னிரண்டு சென்ட்டும் ஒரே துண்டாகக் கிடைக்க வேண்டியதில்லை. வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், கிணற்றடி, தென்னைக்கு நடுவே, குளியலறைத் தண்ணீர் வடியும் மூலை என்று துண்டு துண்டாகத்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் புல் நிற்கிறது. மாட்டுக் கொட்டகையைக் கழுவிய நீர் நேரே புல்லுக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டி வைத்திருக்கும் வீடுகளில் புல்லின் பச்சையே வேறு. அங்கே யூரியா மூட்டை பிரிக்கும் தேவையே பெரும்பாலும் வராது.

அடுத்த கேள்விதான் பல திட்டங்கள் தொடாமல் விடுவது. யார் வெட்டுகிறார்?

காலை ஐந்தரை மணிக்குக் கறவை முடிந்து, பால் கேனைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, அரிவாளோடு புல்லுக்குள் இறங்கும் பெண்ணைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்து வரை போட்டிருக்கும், தலையில் துண்டு. நேப்பியர் இலையின் ஓரம் ரம்பம் போல் கையைக் கீறும். சுணை வியர்வையோடு சேர்ந்தால் நாள் முழுக்க அரிக்கும். பனிக்காலத்தில் இலையில் தேங்கிய தண்ணீர் சட்டையை நனைத்துவிடும். இருபத்தைந்து கிலோவை அறுத்து, கட்டி, தலையில் ஏற்றி, கொட்டகையில் இறக்கி, நறுக்கிப் போட வேண்டும். தினமும் ஒரு மாட்டுக்கு ஒரு கட்டு. இரண்டு மாடு என்றால் இரண்டு நடை. கோ-3, கோ-4 வகைகளைப் பழைய என்.பி.-21-ஐவிட மேல் என்று சொல்லும்போது விளைச்சலையே முதலில் சொல்கிறார்கள். வெட்டுகிறவர்களைக் கேட்டால் இலையோரத்தின் கூர்மையும் சுணையும் குறைவு என்பதை முதலில் சொல்வார்கள்.

புல் வெட்டும் நாள் தள்ளிப்போவதற்கும் இந்த வேலைப் பளுவே காரணம். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒன்று என்பது விதி. களை எடுக்கும் கூலி வேலை வந்தால், திருவிழா வந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் புல் அறுபது, எழுபது நாள் நிற்கும். முற்றிய தண்டை மாடு நுனி இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தள்ளிவிடும். பிறகு கொட்டகையில் மிச்சம் கிடக்கும் கட்டைகளைப் பார்த்து, இந்தப் புல்லை மாடு தின்னமாட்டேன் என்கிறது என்ற பேச்சு ஊரில் கிளம்பும். இங்கே தீர்வு புதிய ரகம் இல்லை. ஒரு புல் நறுக்கும் இயந்திரம். கையால் சுற்றுவதோ மோட்டார் வைத்ததோ, விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் தண்டும் வயிற்றுக்குள் போகும். கரணைக்குச் செலவிடும் அரசுப் பணத்தில் ஒரு பகுதியை நறுக்கும் இயந்திரத்துக்குத் திருப்பியிருந்தால், நட்ட புல்லில் வீணானது குறைந்திருக்கும்.

பால் சங்கத்தில் வேறொரு கணக்கு காத்திருக்கிறது. அங்கே பாலுக்கு விலை கொழுப்பையும் கொழுப்பல்லாத இதர திடப்பொருளையும் வைத்துத்தான். லாக்டோமீட்டர் மிதக்கும் அளவைக் கிராமத்தில் டிகிரி என்பார்கள். இளம் புல்லை மட்டும் வயிறு முட்டப் போட்ட வீட்டில் பால் அளவு கூடும், டிகிரி இறங்கும், கொழுப்பும் இறங்கும். "பச்ச போட்டா பால் ஏறுது, காசு ஏற மாட்டேங்குதே" என்று குறைப்படுபவர் பொய் சொல்லவில்லை. பசும்புல்லில் எண்பது சதவீதம் தண்ணீர்தான். 25 கிலோ புல்லில் உலர்ந்த சத்து ஐந்து கிலோ வந்தால் உண்டு. 400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உலர்சத்து வேண்டும். ஆகவே வைக்கோலோ சோளத்தட்டோ கடலைக்கொடியோ கூடவே இருக்க வேண்டும். புல் வந்ததும் வைக்கோல் போரைக் கைவிட்ட வீடுகளில்தான் டிகிரிப் புகார் அதிகம்.

புல்லை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நேப்பியர் வகைகளில் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது. அது மாட்டின் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் என்று கலந்து போடுவது இந்தக் குறையையும் தணிக்கும், புரதத்தையும் கூட்டும். வேலிமசால் அதற்கு ஏற்றது. ஒரு முறை விதைத்தால் சில ஆண்டு நிற்கும். ஆனால் அதன் விதைத்தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊற வைக்காவிட்டால் முளைக்காது. இந்த வெந்நீர் விவரத்தைச் சொல்லாமல் விதைப் பொட்டலம் மட்டும் கொடுத்த ஊர்களில், வேலிமசால் இந்த மண்ணுக்கு வராது என்று முடிவு கட்டியிருப்பார்கள். அகத்தியும் சவுண்டலும் வேலி ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு இந்தக் கவலை பாதி இல்லை.

கென்யாவின் அனுபவம் இந்தக் கதைக்குள் வராமல் முடியாது. நேப்பியர் பிறந்த கண்டத்து நாடு அது. 1980-இல் நெதர்லாந்து உதவியுடன் கென்யா தொடங்கிய தேசிய பால்வளத் திட்டம், மாட்டைக் கொட்டகையிலேயே கட்டி, நேப்பியரை வெட்டிப் போடும் முறையைச் சிறு விவசாயிகளிடம் கொண்டுபோனது. நைரோபியைச் சுற்றிய மேட்டு நிலங்களில் காப்பிக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையில், மண் அரிக்காமல் இருக்கப் போட்ட படிக்கட்டு வரப்புகளில் எல்லாம் நேப்பியர் ஏறியது. நிலம் சிறுத்த மேற்குக் கென்யாவில் டும்புகிசா என்று ஒரு முறை பிடித்தார்கள். இரண்டடி ஆழத்துக்கும் அகலத்துக்கும் குழி வெட்டி, மேல்மண்ணையும் சாணத்தையும் கலந்து நிரப்பி, ஒரே குழியில் ஐந்தாறு கரணையை ஊன்றுவார்கள். குழி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் மழை நின்ற பிறகும் சில வாரம் புல் பச்சையாக நிற்கும். நம் ஊரில் தென்னங்குழி வெட்டும் கைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அங்கேயும் கரணை கைமாறித்தான் பரவியது. 1990-களின் பிற்பகுதியில் மேற்குக் கென்யாவில் நேப்பியர் குட்டையாகத் தொடங்கியது. வெட்டிய பிறகு வரும் துளிர் மஞ்சளாய், மெலிந்து, நிறையக் கிளைத்து, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் நின்று, இரண்டு மூன்று அறுப்பில் செத்தது. காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், பரப்புவது தத்துப்பூச்சி. நம் விவசாயிக்கு இந்தக் குடும்பம் பழக்கமானதே. கத்திரியில் சிற்றிலை நோய், எள்ளில் பூவிலை நோய் என்று வருபவை இதே இனத்துக் கிருமிகளின் வேலை. ஆனால் கத்திரியும் எள்ளும் விதையிலிருந்து புதிதாக முளைக்கின்றன. கரணையோ தாய்ச்செடியின் நோயையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போகிறது. அன்போடு கொடுத்த ஒரு கட்டில், வெளியே தெரியாத நோயும் ஊர் ஊராகப் போயிற்று. உகாண்டாவும் எத்தியோப்பியாவும் தப்பவில்லை. ஒரே செடியின் நகல்களாக ஒரு வட்டாரமே புல் வளர்க்கும்போது, ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். தமிழ்நாட்டில் கோ-4 ஒன்றே ஊர் முழுக்க நிற்பதைப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இன்னொரு கென்யப் பாடம் இனிமையானது. விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள எம்பிட்டாவில், பூச்சியியல் ஆய்வு மையமான இசிபேயும் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து 1990-களில் ஒரு முறையை உருவாக்கின. இந்தியாவைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ஜியாவுர் கான் அதை முன்னின்று நடத்தினார். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி. வயலைச் சுற்றி நேப்பியர். டெஸ்மோடியத்தின் வாசம் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை வயலிலிருந்து விரட்டுகிறது. நேப்பியரின் வாசம் ஓரத்துக்கு இழுக்கிறது. நேப்பியரில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, தண்டைத் துளைக்கும்போது சுரக்கும் பிசினில் சிக்கிப் பெரும்பாலும் சாகிறது. இதற்கு மேல் எதிர்பாராத லாபம் ஒன்று: மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையை டெஸ்மோடியத்தின் வேர் அடக்கிவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இந்த முறைக்கு மாறினார்கள். வந்தவர்களில் பலர் தீவனத்துக்காக வரவில்லை. மக்காச்சோளத்தைக் காப்பாற்ற வந்தார்கள். புல்லும் கொடியும் மாட்டுக்குக் கிடைத்தன. உணவுப் பயிரின் முதுகில் ஏறி வந்த புல், தனியாக வந்த புல்லைவிட வேகமாகப் பரவியது.

வறண்ட பகுதிகளில் இந்த முறையின் வேலிப் புல்லாக நேப்பியருக்குப் பதில் பிராக்கியாரியா வந்தது. அதன் பயண வரலாறு விசித்திரமானது. பிறந்தது ஆப்பிரிக்கா. உகாண்டாவிலிருந்து 1930-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு வகை, பின்னால் பிரேசிலின் செம்மண் சமவெளிகளை நிரப்பியது. ஜிம்பாப்வேயில் பிறந்த இன்னொரு வகையை 1984-இல் பிரேசில் மாரண்டு என்ற பெயரில் வெளியிட்டது; அந்நாட்டு மாட்டிறைச்சித் தொழிலின் அடித்தளமே இந்தப் புற்கள்தாம். கொலம்பியாவில் உள்ள சியாட் ஆய்வு மையம் பிராக்கியாரியா இனங்களைக் கலந்து முலாட்டோ, முலாட்டோ-2 என்ற ஒட்டு ரகங்களை உருவாக்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் வெளியூரில் வளர்ந்து, மெருகேறி, பிறந்த மண்ணுக்குப் பொட்டலத்தில் திரும்பி வந்தபோது அதற்குக் கடையில் விலை ஒட்டியிருந்தது. சிறு விவசாயிக்கு அந்த விதை விலை அதிகம். ஆகவே அங்கேயும் தூரைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கமே கைகொடுத்தது. பிரேசிலில் தொல்லை தராத ஒன்று ஆப்பிரிக்காவில் தொல்லை தந்தது: முலாட்டோ-2 ரகத்தைச் செஞ்சிலந்தி பிடித்தது. தாய்வீட்டில் அந்தப் புல்லைத் தின்னப் பழகிய பூச்சிகளும் இருந்தன. இதே குடும்பத்தின் ஒரு புல் தமிழ்நாட்டுக்கும் தெரிந்ததே. கழிவுநீர் வாய்க்கால்களிலும் ஏரி உள்வாயிலும் எருமைகள் மேயும் நீர்ப்புல், வேறு பெயரில் எருமைப்புல்.

இதுவரை பேசிய புற்கள் எல்லாம் தண்ணீரோடு உறவுள்ளவை. தண்ணீர் இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதற்கு விடை ஆய்வகத்தில் பிறக்கும் முன்பே காங்கயத்தில் பிறந்துவிட்டது. தாராபுரம், காங்கயம், கரூர் வட்டாரங்களில் கொரங்காடு என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலங்கள் தனியார் பட்டாவில் இருக்கின்றன. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல். நெல்லோ கரும்போ வராத, மழை குறைந்த மண். கிணறு வெட்டினாலும் அடியில் உப்புத் தண்ணீர். அங்கே வேலி போட்டு, ஒரு காட்டில் மேய்த்து, மற்றதை ஓய வைத்து, மாற்றி மாற்றி மாட்டை ஓட்டுவார்கள். புல்லின் விதை தானே உதிர்ந்து அடுத்த மழைக்கு முளைக்கும். வெள்வேலங்காய் கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் வளர்த்துப் பேர் வாங்கித் தந்த காங்கயம் இனம், இந்தப் புல்லின் மேல்தான் நின்றது.

கோவைப் பல்கலைக்கழகம் கொழுக்கட்டைப்புல்லிலும் ரகம் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. ஆனால் அதைப் பற்றி யூடியூபில் யாரும் கூவுவதில்லை. முழங்கால் உயரப் புல் படத்தில் எடுபடாது. மழையை நம்பிய நிலத்துக்கு இதையும், கோ.எஃப்.எஸ்.-29 என்ற மறுதாம்புத் தீவனச் சோளத்தையும் சொல்லாமல் கோ-4 கரணையைக் கையில் திணிப்பது, கிணறு வற்றும் சித்திரையில் அந்தக் குடும்பத்தை நட்டாற்றில் விடுவதாகும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது முதலில் கருகியது பாசனப் புல்தான். சோளத்திலும் ஒரு கவனம் வேண்டும். பூப்பதற்கு முன் இளம் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் சயனைடு நஞ்சு கூடும். மேய்ந்த மாடு மாலைக்குள் சாயலாம். பாட்டன் காலத்து விவசாயிக்கு இது தெரியும். சோளம் போடுவதையே விட்டுவிட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. அவருக்கு விதையோடு இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இனி, நிலமே இல்லாதவர்கள். 2011-இல் தமிழ்நாடு அரசு ஊரக ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடு வழங்கத் தொடங்கியது. கூடவே தீவன அபிவிருத்தித் திட்டமும் வந்தது. மாடு போனது பெரும்பாலும் நிலமில்லாத, அல்லது நிலம் மிகக் குறைந்த வீட்டுக்கு. கரணை போனது கிணறும் நிலமும் உள்ள வீட்டுக்கு. இரண்டு திட்டங்களும் ஒரே துறையிலிருந்து ஒரே ஊருக்கு வந்து, ஒரே தெருவில் சந்திக்காமல் போயின. இந்த இடைவெளியில்தான் மண் இல்லாத் தீவனம் என்று தட்டுகளில் மக்காச்சோளத்தை முளைக்க வைக்கும் ஹைட்ரோபோனிக் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு கிலோ மக்காச்சோளம் ஏழெட்டு கிலோ பசுந்தீவனமாக ஊதுகிறது என்பார்கள். ஊதியது தண்ணீர். உலர்சத்தைக் கணக்கிட்டால் போட்ட தானியத்தைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கிறது. முளைவிட்ட தானியத்தில் உயிர்ச்சத்து கூடும் என்பது உண்மை. அதற்காக வீட்டில் குளிரூட்டிய பெட்டி வைக்கும் அளவுக்கு ஒரு மாட்டுப் பால் காசு தராது.

நிலமில்லாத வீட்டுக்கு உண்மையான வழி மேய்க்கால் புறம்போக்குதான். கிராமக் கணக்கில் அது இன்னமும் உண்டு. தரையில் பல ஊர்களில் சீமைக்கருவேல் மூடிக் கிடக்கிறது, அல்லது ஓரம் ஓரமாகப் பட்டா நிலத்தோடு கரைந்துவிட்டது. 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. வெட்டிய இடத்தில் என்ன வளர்ப்பது என்று யோசிக்காத ஊர்களில் அடுத்த மழைக்கே கருவேல் திரும்ப முளைத்தது. நூறு நாள் வேலையில் பொது நிலத்தில் மேய்ச்சல் புல் வளர்க்க இடமுண்டு. கருவேலை வேரோடு எடுத்த கையோடு கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் விதைத்து, முதல் இரண்டு ஆண்டு மாடு உள்ளே நுழையாமல் காவல் வைத்து, மூன்றாம் ஆண்டிலிருந்து மாடு வாங்கிய பெண்கள் குழுவே அறுத்துக்கொள்ளும் உரிமையை ஊராட்சி எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால், புல் செழித்த ஆண்டில் டிராக்டர் உள்ளவர் வந்து ஏலம் கேட்பார்.

கரணை கொடுக்கும் துறைகளுக்கும் இரண்டு வேலை உண்டு. ஊராட்சிக்கு ஒரு நாற்றங்கால், அதில் குறைந்தது மூன்று ரகம், ஆண்டுக்கு ஒரு முறை நோய் பார்த்துக் கழித்த தாய்ச்செடி. இது கென்யா விலை கொடுத்து வாங்கிய பாடம். அடுத்தது, பயிற்சிக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் வைக்காமல், மாலைப் பால் ஊற்றும் வேளையில் சங்கத்து வாசலில் வைப்பது. பத்து மணிக்கு வருபவர் பட்டாதாரர். மாலையில் கேனோடு வருபவர்தான் அன்று காலை புல் வெட்டியவர்.